அஞ்சறைப் பெட்டியில் ஒரு லைக்கன்: கல்பாசி பற்றிய உங்கள் கேள்விகள்

கல்பாசி பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழில் பதில் தருகிறோம்.

காரைக்குடி வாசகி: கல்பாசி கேட்டால் சில கடைகளில் கடல்பாசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றா? இது கடலில் விளைவதா, பாறையில் விளைவதா?

இரண்டும் வேறு வேறு. கடல்பாசி என்று விற்பது ஜெல்லி உறைய வைக்கப் பயன்படும் அகார். இராமநாதபுரம் கடலோரத்தில் எடுக்கும் கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி எடுப்பது அது. வெள்ளை நாராகவோ தூளாகவோ வரும். கொதிக்கும் நீரில் கரையும், ஆறினால் உறையும். கல்பாசியை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் கரையாது; ஊறிய தோல் மாதிரி மெத்தென்று ஆகும், அவ்வளவுதான்.

கல்பாசிக்கும் கடலுக்கும் தொடர்பில்லை. கல்லோடும் தொடர்பு குறைவுதான். பாறையில் வளரக்கூடியது என்றாலும், கடைக்கு வருவதில் பெரும்பகுதி மலைக்காட்டு மரங்களின் பட்டையிலிருந்தும் கிளைகளிலிருந்தும் உரித்தது. பொட்டலத்தின் அடியில் கிடக்கும் பட்டைத் துணுக்குகளைப் பார்த்தாலே இது புரியும். இந்தி பேசுபவர்கள் ‘பத்தர் கே பூல்’ என்றும், மராட்டியர் ‘தகட் பூல்’ என்றும், கன்னடர் ‘கல்லு ஹூவு’ என்றும் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கல்பூ என்றே பொருள். ஆனால் இது பூவும் அல்ல, பாசி மட்டுமும் அல்ல. லைக்கன் என்ற கூட்டுயிர். அதிலும் இலை வடிவ லைக்கன். அறிவியல் பெயர் பார்மோட்ரீமா பெர்லேட்டம். இங்கிலாந்துத் தாவரவியலாளர் வில்லியம் ஹட்சன் 1762இல் ‘லைக்கன் பெர்லேட்டஸ்’ என்று முதலில் பெயரிட்டார். இன்றைய பேரினத்துக்குள் இது வந்தது 1952இல்.

கடையில் பெயர் குழம்பினால் ‘பிரியாணிக்குப் போடுவது, ஒருபக்கம் கறுப்பு, மறுபக்கம் சாம்பல்’ என்று சொல்லிக் கேளுங்கள். உடனே புரிந்துகொள்வார்கள்.

திருநெல்வேலி, பிளஸ் ஒன் மாணவர்: லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது என்று படிக்கிறோம். கல்பாசி இதழை வைத்தே இதைப் பார்க்க முடியுமா?

முடியும். பள்ளி நுண்நோக்கி ஒன்றும் புது பிளேடு ஒன்றும் இருந்தால் போதும். காய்ந்த இதழை அறுத்தால் நொறுங்கிவிடும். அதனால் முதலில் ஐந்து நிமிடம் நீரில் ஊற வையுங்கள். ஊறியதை இரண்டு துண்டு கேரட்டுக்கு நடுவே வைத்து, கேரட்டோடு சேர்த்து எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாகச் சீவுங்கள். பத்துச் சீவலில் ஒன்றிரண்டு நன்றாக வரும். அதை ஒரு சொட்டு நீரில் வைத்துக் கண்ணாடிச் சில்லால் மூடுங்கள்.

மேலிருந்து கீழாக நான்கு அடுக்குகள் தெரியும். முதலில், இழைகள் நெருக்கமாக ஒட்டிய மேல்தோல். அதன் கீழே பச்சை மணிகளைத் தூவியது போல ஓர் அடுக்கு. அந்த மணிகள்தாம் பாசி; ட்ரெபோக்சியா என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசி. அதற்கும் கீழே, பஞ்சைப் பிய்த்துப் போட்டது போலத் தளர்வான வெள்ளை இழைகள். இது மெடுல்லா எனும் உள்ளடுக்கு, காற்று நிறைந்திருக்கும். கடைசியில் கறுத்த அடித்தோல். பச்சை மணிகளைத் தவிர மற்றதெல்லாம் பூஞ்சை. இதழின் தடிமனில் பாசி பிடித்திருக்கும் இடம் எவ்வளவு குறைவு என்பதைக் கவனியுங்கள். வீட்டைக் கட்டியது பூஞ்சை. வெளிச்சத்தைக் கொண்டு சமைப்பது பாசி.

இந்தக் கூட்டு விஷயத்தை 1867இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது, அக்காலத்து லைக்கன் அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். லைக்கன் தனித் தாவரம் என்றே அவர்கள் நம்பினார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, கல்பாசியின் குடும்பத்தைச் சேர்ந்த லைக்கன்கள் பலவற்றின் மேல்தோலுக்குள் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருப்பதைக் காட்டியது. எல்லா லைக்கனிலும் அது இருப்பதில்லை. ஆகவே பாடப்புத்தகத்தின் ‘இருவர் கூட்டு’ தேர்வுக்குச் சரி. சில வீடுகளில் மூன்றாவது ஆளும் உண்டு என்பதைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

நுண்நோக்கி இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம். காய்ந்த இதழின் சாம்பல் பக்கத்தில் விரலால் ஒரு சொட்டு நீர் வையுங்கள். சொட்டு முதலில் உருண்டு நிற்கும். பிறகு மெல்லப் பரவும். பரவப் பரவ அந்த இடம் மட்டும் சாம்பல் மறைந்து பச்சையாகும், ஓரத்தில் தெளிவான கோடு கட்டும். காய்ந்திருக்கும்போது மேல்தோலுக்குள் காற்று நிறைந்து ஒளியைச் சிதறடிக்கிறது, அதனால் சாம்பல். நனைந்தால் அது கண்ணாடி போலாகி, அடியிலுள்ள பாசியின் பச்சையைக் காட்டுகிறது. கடையில் வாங்கிய பழைய இதழும் இப்படிப் பச்சையாகும். அதை வைத்து உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

எடைபோட்டும் பாருங்கள். 1 கிராம் காய்ந்த கல்பாசியை ஊற வைத்து, மேல் ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து நிறுத்தால் ஏறத்தாழ இரண்டரை கிராம் காட்டும். வேர் இல்லாத உயிர் இது. மழை, பனி, மூடுபனி எதுவானாலும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சும். பச்சைப்பாசி குடியிருக்கும் லைக்கன்களுக்கு, சொட்டு நீர் படாமல் காற்றின் ஈரம் மட்டும் கிடைத்தாலே ஒளிச்சேர்க்கை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் காய்ந்து உறங்கும், மறுநாள் பனியில் விழிக்கும். ஒரு நாளில் விழித்திருக்கும் நேரம் குறைவு என்பதால்தான் வளர்ச்சியும் அவ்வளவு மெதுவாக இருக்கிறது.

மதுரை, மசாலா அரைத்து விற்பவர்: மொத்த வியாபாரி அனுப்பும் மூட்டையில் எல்லா இதழும் ஒரே மாதிரி இல்லை. உண்மையான கல்பாசியை எப்படி அடையாளம் காண்பது?

உங்கள் சந்தேகம் சரியானது. இந்தியச் சந்தையில் இந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் பல இனங்களின் கலவை. மரத்தில் அருகருகே வளர்பவற்றைச் சேர்த்து உரிப்பதால் நேர்வது இது. எல்லாமே ஏமாற்று என்று எண்ண வேண்டாம். ஆனால் மணமும் கசப்பும் இனத்துக்கு இனம் மாறும். வாங்கும்போது ஒரு கைப்பிடியை வெள்ளைத் தாளில் கொட்டி, கொஞ்சம் நீர் தெளித்து, விரிந்த பிறகு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் அவசியம்.

பார்மோட்ரீமா பெர்லேட்டத்தின் இதழ் அரை முதல் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள உருண்டையான மடல்களாக இருக்கும். ஓரம் அலையலையாக மேலே தூக்கி நிற்கும். மேல்பக்கம் வழவழப்பான சாம்பல். அடிப்பக்கம் நடுவில் கறுப்பு, ஓரத்தை நெருங்கும்போது பழுப்பு. நடுவில் மட்டும் பட்டையைப் பிடித்துக்கொள்ளும் குட்டைக் கறுப்பு நார்கள் இருக்கும். ஓரத்துப் பழுப்புப் பட்டை மொழுமொழுவென்று நாரில்லாமல் இருக்கும். மடலின் விளிம்பில் கண்ணிமை மயிர் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்பு மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலான அடையாளம், விளிம்பை ஒட்டி மாவு பூசியது போல ஓடும் வெண்தூள் கோடு. இந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் சில பாசிச் செல்களைச் சுற்றிப் பூஞ்சை இழை பின்னிய சிறு பொட்டலம். காற்றிலும் மழைத்துளியிலும் பறந்து போய் வேறு மரத்தில் ஒட்டிப் புது லைக்கனாக முளைக்கும். இந்த இனத்தில் வித்துக் கிண்ணங்கள் அரிது. பரவுவதெல்லாம் இந்தத் தூளால்தான்.

கலந்து வருபவற்றில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பார்மோட்ரீமா டிங்டோரத்தில் மடல் இன்னும் அகலம், விளிம்பில் மயிர் இல்லை. விளிம்புத் தூளுக்குப் பதில் மேல்பரப்பெங்கும் ரவை ஒட்டியது போலச் சொரசொரப்பான சிறு குச்சிகள் இருக்கும். பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டத்தில் விளிம்புத் தூளும் மயிரும் உண்டு, அதனால் எளிதில் ஏமாற்றும். ஆனால் அதன் மேல்பரப்பு முழுக்க மெல்லிய வெடிப்புகள் வலை போல ஓடும். எவர்னியாஸ்ட்ரம் சிர்ரேட்டம் இமயமலைப் பக்கத்துச் சரக்கில் மிகுதி. அது இதழ் போலவே இருக்காது. நாடாவாக நீண்டு, இரண்டிரண்டாகக் கிளைத்து, அடிப்பக்கம் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும்.

இந்த மூன்றும் நச்சு இல்லை; இவையும் மசாலாவாகப் புழங்குகின்றன. ஆனால் மூட்டைக்கு மூட்டை விகிதம் மாறினால் உங்கள் மசாலாத் தூளின் மணமும் மாறும். ஒரே வியாபாரியிடம், ஒரே மலைச் சரக்கை வாங்குவதுதான் நடைமுறையில் செய்யக்கூடியது. உண்மையில் நட்டம் தருவது இனக் கலப்பைவிட மண்ணும் பட்டையும்தான். 100 கிராமைக் கண்ணறை அகன்ற சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை நிறுத்துப் பாருங்கள். விலை பேசும்போது அந்த எடை கையில் இருக்கட்டும்.

கோவை, கல்லூரி ஆசிரியை: லைக்கன் இனத்தை அறிய ரசாயனம் தொட்டுப் பார்க்கும் நிறச் சோதனையில் மாணவிகளுக்கு எல்லா இதழிலும் மஞ்சளே வருகிறது. எங்கே தவறு?

மேல்தோலின் மீது சொட்டு விட்டிருப்பார்கள். இந்த இனங்கள் எல்லாவற்றின் மேல்தோலிலும் அட்ரனோரின் என்ற லைக்கன் வேதிப்பொருள் இருக்கிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பட்டதும் அது மஞ்சளாகத்தான் மாறும். இனத்தைப் பிரித்துக் காட்டும் பொருள் உள்ளடுக்கில் இருக்கிறது. பிளேடு நுனியால் சாம்பல் தோலையும் பச்சை அடுக்கையும் மெதுவாகச் சுரண்டி, வெள்ளை தெரிந்த பிறகு அந்த வெள்ளையில் சோதியுங்கள். பச்சை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் நிறம் கலங்கும்.

10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை 100 மில்லி நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பல்குச்சி நுனியில் தொட்டு வைக்கும் அளவே போதும், துளிக்குழாய் வேண்டாம். பெர்லேட்டத்தின் உள்ளடுக்கில் ஸ்டிக்டிக் அமிலம் இருப்பதால் மஞ்சளாகும், நேரம் போகப் போக ஆரஞ்சுப் பக்கம் சாயலாம். ரெட்டிகுலேட்டத்தில் சலாசினிக் அமிலம் உண்டு. மஞ்சளாகத் தொடங்கி ஓரிரு நிமிடத்தில் இரத்தச் சிவப்பாகும். மஞ்சளைப் பார்த்ததும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். குறைந்தது இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

டிங்டோரத்துக்கு வேறு சோதனை. துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டு நீர், வெள்ளை உள்ளடுக்கில் பட்டவுடன் இளஞ்சிவப்பாக மின்னி விரைவில் மங்கும். லெக்கனோரிக் அமிலம் செய்யும் வேலை அது. பெர்லேட்டத்தில் எதுவும் நடக்காது. திறந்து பல மாதமான வெளுப்பு நீர் வீரியம் இழந்திருக்கும். அதில் ‘நிறமில்லை’ என்று வந்தால் நம்ப வேண்டாம். டிங்டோரம் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டில் முதலில் சோதித்து, சிவப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சோதனைகளையும் ஒரே புள்ளியில் செய்யக் கூடாது. சோதித்த துண்டுகள் நேராகக் குப்பைக்குப் போக வேண்டும்.

டிங்டோரம் என்ற பெயரே சாயத்தைக் குறிப்பது. இப்படிப்பட்ட லைக்கன்களை அம்மோனியாவில் வாரக்கணக்கில் ஊற வைத்தால் ஊதாச் சாயம் இறங்கும். ஆய்வுக்கூட லிட்மஸும் ரொசெல்லா போன்ற லைக்கன்களிலிருந்து வந்ததுதான். ரொசெல்லா மாண்டக்னேய் நம் கிழக்குக் கடற்கரை மரங்களில் சாம்பல் நாராகத் தொங்குகிறது. வகுப்பில் ஒரு துண்டைக் காட்டினால் லிட்மஸ் தாளைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சேலம் வாசகி: செட்டிநாட்டுக் கோழிக் குழம்பில் கல்பாசி போட்டால் கசக்கிறது. போடாவிட்டால் கடை மணம் வருவதில்லை. அளவு என்ன?

அரைக் கிலோ கறிக்கு, ஐந்து ரூபாய் நாணய அளவில் இரண்டு அல்லது மூன்று இதழ். இவ்வளவுதான். மூன்றும் சேர்ந்து அரை கிராம் எடைகூட வராது. ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால் குழம்பு மழையில் நனைந்த மரம் மாதிரி வாடை அடிக்கும், பின்நாக்கில் கசப்பு நிற்கும். அந்தக் கசப்பு லைக்கன் அமிலங்களுடையது. உப்போ புளியோ வெல்லமோ சேர்த்து அதை அடக்க முடியாது.

அளவு சரியாக இருந்தும் கசந்தால், கருகியிருக்கிறது. இதழின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. பட்டையும் கிராம்பும் பொரிகிற சூட்டில், அதே நேரம் இதையும் போட்டால் முதலில் கருகுவது இதுதான். எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு. அவை பொரிந்து மணம் வந்த பிறகு சோம்பு. அடுப்பைத் தணித்துவிட்டுக் கடைசியாகக் கல்பாசி. ஐந்து முதல் பத்து விநாடிக்குள் இதழ் சுருண்டு, மண்வாசனையோடு லேசான புகை மணம் எழும். உடனே சின்ன வெங்காயத்தைக் கொட்டிவிடுங்கள். வெங்காயத்தின் ஈரம் சூட்டைத் தணித்துவிடும். வெங்காயம் நறுக்கித் தயாராக இல்லாமல் கல்பாசியை எண்ணெயில் போடவே வேண்டாம்.

பச்சையாக முகர்ந்தால் மணம் மிகக் குறைவு. சூடும் கொழுப்பும் சேர்ந்தால்தான் வெளிவரும். அதனால் எண்ணெயில் தாளிக்காமல் கொதிக்கும் குழம்பில் தூவினால் பயனில்லை. தவறிப்போய் மறந்திருந்தால், தனிக் கரண்டியில் நல்லெண்ணெய் விட்டுத் தாளித்துக் கொட்டுங்கள். தேங்காய்ப்பால் சேரும் வெள்ளைக் குருமாவுக்கு ஓர் இதழே மிகுதி. தேங்காய்ப்பாலின் மென்மையில் இது தூக்கலாகத் தெரியும்.

போடுவதற்கு முன் ஒவ்வோர் இதழையும் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்து நாரில் பட்டைத் துணுக்கும் மணலும் சிக்கியிருக்கும். விரல் நகத்தால் கிள்ளி எடுத்து, கைக்குள் வைத்துத் தட்டினால் போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் மொத்தமாக ஒரு தடவை அலசி, வெயிலில் நொறுங்கும்வரை காய வைத்து எடுத்து வையுங்கள். ஈர இதழ் எண்ணெயில் பட்டால் தெறிக்கும். அது காய்வதற்குள் மற்றவை கருகும்.

விருதுநகர் வாசகர்: வீட்டு மசாலாத் தூளுக்கு எவ்வளவு சேர்க்கலாம்? மிக்ஸியில் அரைபடாமல் தும்பு தும்பாக நிற்கிறது.

கால் கிலோ தனியாவுக்கு 3 முதல் 5 கிராம். எடை குறைவாகத் தெரிந்தாலும் கொள்ளளவில் ஒரு கைப்பிடி வரும்.

தும்பாக நிற்பது ஈரத்தால். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தோல் போல ஆகிவிடுகிறது. மற்ற சாமான்களை வறுத்து இறக்கிய பின், அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டுச் சட்டியிலேயே கல்பாசியைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். விரலிடையே நசுக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். ஆறவிட்டு, முதலில் இதை மட்டும் ஒரு கரண்டி தனியாவோடு சேர்த்து அரைத்து, பிறகு மற்றவற்றைச் சேருங்கள். மாவு மில்லுக்குக் கொடுப்பதானால் இந்தத் தூளைக் கலந்து கொடுங்கள். முழு இதழாகப் போட்டால் பறந்து ஒதுங்கிவிடும்.

நாகர்கோவில் வாசகி: டப்பாவில் இருந்த கல்பாசியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சணமா? தூக்கிப் போடவா?

மேலே சொன்ன விளிம்புத் தூளாக இருந்தால் அதுதான் நல்ல கல்பாசியின் முத்திரை. விளிம்பில் மட்டும், உலர்ந்த மாவாக, இதழுக்கு இதழ் ஒரே அமைப்பில் இருக்கும். பூஞ்சணம் அப்படியில்லை. நடுவிலும் அடியிலும் திட்டுத் திட்டாக, பஞ்சு நூல் போலப் படரும். இதழோடு இதழ் ஒட்டும். டப்பாவைத் திறந்ததும் ஈரத்துணி நாற்றம் அடிக்கும். அப்படியானால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். வறுத்துச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

கண்ணாடிச் சீசாவில், இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு பகல் வெயில் காட்டினால் நல்லது. 10 கிராம் பொட்டலம் ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் வரும். மலிவாகக் கிடைக்கிறது என்று கால் கிலோ வாங்கி வைக்காதீர்கள்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: நிழல் மரங்களிலும் பழைய காப்பிச் செடிகளிலும் இலை இலையாகப் படர்ந்திருக்கிறது. பட்டுப்போன கிளைகளில்தான் அதிகம். மரத்தை உறிஞ்சிக் கொல்கிறதா?

இல்லை. அடிப்பக்கத்து நார்கள் பட்டையின் வெளிச் செதிலைப் பற்றிக்கொள்வதோடு சரி. உயிருள்ள திசுவுக்குள் புகுவதில்லை, சாறு உறிஞ்சுவதில்லை. உணவைப் பாசி செய்கிறது; தாது உப்புகள் மழையிலும் தூசியிலும் வருகின்றன. மரம் வெறும் நிலைமேடை. புல்லுருவியோடு சேர்த்து நினைத்துவிடாதீர்கள். புல்லுருவி கிளைக்குள் வேர்விட்டு நீரை உறிஞ்சும் ஒட்டுண்ணி. அதைக் கட்டாயம் வெட்ட வேண்டும்.

பட்டுப்போன கிளையில் அதிகம் தெரிவதற்குக் காரணம், அங்கே இலை உதிர்ந்து வெளிச்சம் விழுகிறது, பட்டையும் உரியாமல் நிலையாக இருக்கிறது. கிளை நலிந்த பிறகு லைக்கன் பெருகியிருக்கிறது. ஆகவே கிளை ஏன் காய்ந்தது என்று தேடுங்கள்: தண்டுத் துளைப்பானின் துளையும் மரத்தூளும் இருக்கிறதா, வேரில் நீர் தேங்குகிறதா, உரம் போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று. காய்ந்த கிளைகளை வழக்கமான கவாத்தில் எடுத்தால் லைக்கனும் அதோடு போகும்.

பட்டையைச் சுரண்டாதீர்கள். சுரண்டிய புண்ணில்தான் உண்மையான நோய்ப் பூஞ்சை நுழையும். தாமிரம் கலந்த போர்டோ கலவை லைக்கனைக் கொல்லும் என்பது உண்மை. துருநோய்க்காக அடிக்கும்போது லைக்கனும் சாகிறது. ஆனால் லைக்கனுக்காக மட்டும் அடிப்பது பணத்தையும் தாமிரத்தையும் மண்ணில் கொட்டுவது. மூடுபனி தவழும் தோட்டத்தில் இலை வடிவ லைக்கன் செழித்திருந்தால் உங்கள் காற்று சுத்தமாக இருக்கிறது. இது சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

தஞ்சாவூர் வாசகி: மாடித் தோட்டத்தில் வளர்க்கலாமா?

முடியாது. குளிர்ந்த, ஈரக் காற்றுள்ள மலைப்பகுதி வேண்டும். தஞ்சாவூர் வெயிலில் பகலில் காய்ந்து, இரவின் வெக்கையில் விழித்து, சேர்த்த உணவையெல்லாம் மூச்சு விட்டே தீர்த்துவிடும். வணிகமாகப் பயிரிடும் முறையும் இல்லை. விற்பதெல்லாம் காட்டிலிருந்து உரித்ததே.

சென்னை வாசகர்: எங்கள் தெரு மரங்களில் இலை லைக்கனே இல்லை. காற்று மாசுதான் காரணமா?

சென்னையில் கல்பாசி இல்லாததை மாசுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. மாசே இல்லாத காலத்திலும் அந்த வெப்பத்தில் இது வளர்ந்திருக்காது. தென்னந்தண்டுகளில் வெள்ளையும் சாம்பலுமாக வட்டம் வட்டமாக, சுண்ணாம்பு தெளித்தது போல ஒட்டியிருப்பவையும் லைக்கன்கள்தான். அவை ஓடு போலப் படியும் வகை, வறட்சியைத் தாங்கும். கடற்கரைத் தென்னையையும் போக்குவரத்து மிகுந்த சாலையோரத் தென்னையையும் ஒப்பிட்டு அவற்றை எண்ணினால் ஓரளவு பொருளுள்ள ஒப்பீடு கிடைக்கும்.

மாசுக்கும் லைக்கனுக்கும் உள்ள உறவு மட்டும் மிக உறுதியானது. 1866லேயே லைக்கன் அறிஞர் வில்லியம் நைலாண்டர், பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் வளரும் லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் மறைந்ததைக் காற்றோடு தொடர்புபடுத்தினார். இலைக்கு மெழுகுப் பூச்சு உண்டு, மூடித் திறக்கும் துளை உண்டு. லைக்கனுக்கு இரண்டும் இல்லை. கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து நேராகப் பாசியை அடைந்து பச்சையத்தைச் சிதைக்கிறது. 1970இல் லைக்கன் ஆய்வாளர்கள் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் இருவரும், எந்த லைக்கன் வளர்கிறது என்பதை வைத்துக் காற்றின் தூய்மையை அளக்க இங்கிலாந்துக்கு வகுத்த அளவுகோலில் 0 மிக மோசம், 10 தூய காற்று. நம் அஞ்சறைப் பெட்டிக் கல்பாசி அதில் 8ஆம் படியில்தான், கன மீட்டருக்கு ஏறத்தாழ 35 மைக்ரோகிராம் கந்தக டை ஆக்சைடு என்ற அளவுக்குக் காற்று தெளிந்த பிறகுதான், தலைகாட்டுகிறது. அங்கே நிலக்கரிப் புகை குறைந்தபின், இழந்த இடங்களுக்கு இது திரும்பி வந்தது.

இதே உறிஞ்சும் குணத்தால் ஈயம் போன்ற உலோகங்களையும் இது சேர்த்து வைக்கிறது. மலைச்சாலை ஓர மரத்தில் உரித்ததைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

திண்டுக்கல் வாசகர்: கொடைக்கானல் போகும்போது நாங்களே பறித்து வரலாமா?

வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றி எதை எடுத்தாலும் தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி குற்றம். காடுபடு பொருள் சேகரிக்கும் உரிமை, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி அங்கே வாழும் பழங்குடியினருக்கும் பரம்பரை வனவாசிகளுக்கும் உரியது.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். இலை வடிவ லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் நீளும். 3 மில்லிமீட்டர் என்று வைத்தாலும், குழம்பில் போடும் 3 சென்டிமீட்டர் இதழ் பத்தாண்டு வளர்ச்சி. ஒரு மரத்தை அடியோடு சுரண்டினால், அதில் மறுபடி கல்பாசி எடுக்கும் அளவு வளர்வதைச் சுரண்டியவர் பார்க்கப் பல்லாண்டு ஆகும். காற்றில் ஒடிந்து விழுந்த கிளைகளில் இருப்பதைச் சேகரிப்பதே மரத்துக்கும் லைக்கனுக்கும் கேடில்லாத முறை. விழுந்த கிளையில் இருப்பது எப்படியும் தரையின் நிழலில் அழுகத்தான் போகிறது.

ஈரோடு வாசகர்: சிறுநீரகக் கல்லுக்குக் கல்பாசிக் கஷாயம் குடிக்கச் சொல்கிறார்கள். குடிக்கலாமா?

இதில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. ஆயுர்வேதத்தில் கல்பாசிக்குச் சைலேயம், சிலாபுஷ்பம் என்ற பெயர்கள் வழங்குகின்றன. ஆனால் கல்லடைப்பு மருந்துகள் சிலவற்றில் சிலாபுஷ்பம் என்று சேர்வது டிடிமோகார்பஸ் பெடிசெல்லாட்டா. அது இமயமலைப் பாறைகளில் வளரும் பூக்கும் செடி. பெயர் ஒன்று, பொருள் வேறு. பெயரை மட்டும் கேட்டுவிட்டு மளிகைக் கடைக் கல்பாசியை வேகவைத்துக் குடிப்பதில் அர்த்தமில்லை. எந்த இனம் கலந்திருக்கிறது, எந்த இடத்தில் உரித்தது என்று தெரியாத சரக்கு அது. தாளிக்கும் இரண்டு இதழுக்கும் தினமும் குடிக்கும் கஷாயத்துக்கும் உடம்பில் சேரும் அளவில் பெரிய வேறுபாடு உண்டு. கல் இருக்கிறதென்றால் ஸ்கேன் எடுத்து, அளவும் இடமும் தெரிந்த மருத்துவரிடம் போங்கள்.

மூட்டைக் கணக்கில் கல்பாசி தரம் பிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைக்கன் அமிலங்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். மரம் வெட்டும் தொழிலாளர்களிடம் இது நன்கு அறியப்பட்ட தொல்லை. விரலிடுக்கில் அரிப்பும் தடிப்பும் வந்தால் கையுறை போடுங்கள், தூசு எழும்போது மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள்.